அப்துல் ஸமத் வைத்த பங்கு

ஜெஸ்லாவுக்கு மூன்று ஆட்டின் மூளை வேண்டியிருந்தது, அதுவும் அறுத்து அரை மணி நேரத்துக்குள். மாத்தளை டவுனில் இறைச்சிக்கடைக்குக் குறைவில்லை. ஆனால் இந்த ஆட்டை எத்தனை மணிக்கு அறுத்தீர்கள், தலை எவ்வளவு நேரம் வெளியில் கிடந்தது என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் பார்க்கிற பார்வைக்குப் பதில் சொல்ல முடியாது. முதல் வருடம் அப்படிக் கடையில் வாங்கித்தான் மூன்று மாதம் மெனக்கெட்டாள். கடைசியில் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உயிர்க்கலங்கள் எல்லாம் கரைந்து குழம்பிக் கிடந்தன. ஒரு வருடம் போயிற்று.

இரண்டாம் வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சாச்சாவின் ஊரில் குர்பானாக அறுத்த ஆட்டிலிருந்து எடுத்தாள். மூளை அருமையாக வந்தது. ஆனால் வேறு ஒரு வில்லங்கம் வந்தது, அதை அடுத்துச் சொல்கிறேன். இப்போது மூன்றாம் வருடம். டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பல்கலைக்கழகத்தில் அவள் பதிவு காலாவதி. கட்டிய கட்டணமும் போய், வயது முப்பத்தொன்றில் கையில் ஒரு பட்டமும் இல்லாமல் வீட்டுக்கு வந்து உட்கார வேண்டியதுதான். மூன்று ஆடும் ஒரு பெருநாளும் அவள் பிழைப்பைத் தீர்மானிக்கும் நிலைக்கு வந்திருந்தன.

அப்படி என்னதான் தேடுகிறாள்? மூளையின் மேலே மெல்லிய பட்டை ஒன்று போர்த்தியிருக்கிறது. ஆட்டில் அது இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு இருந்தால் அதிகம். அந்தப் பட்டைக்குள் ஆறு அடுக்கு, அடுக்குகளுக்குள் நரம்புக் கலங்கள், ஒவ்வொரு கலமும் பக்கத்துக் கலங்களோடு கிளை நீட்டித் தொடுப்பு வைத்திருக்கிறது. ஒரு கடுகளவு துண்டை எடுத்தால் அதற்குள்ளேயே ஒரு முழு வலைப்பின்னல் இருக்கும். இந்த வலை மூளை முழுக்க ஒரே அச்சில் வார்த்ததுதான், கண்ணிலிருந்து வயர் வந்தால் அது பார்க்கும், காதிலிருந்து வந்தால் கேட்கும், அவ்வளவுதான் என்பது ஒரு கட்சி. அப்படியில்லை, வலையே இடத்துக்கு இடம் வேறு என்பது மறு கட்சி. எலியிலும் குரங்கிலும் நிறையப் பேர் பார்த்துவிட்டார்கள். ஆட்டைத்தான் அவ்வளவாக யாரும் சீண்டவில்லை. ஆட்டில் நடு அடுக்கு மிகவும் மெலிவு, வித்தியாசம் இருந்தாலும் லேசில் கண்ணுக்குச் சிக்காது. ஜெஸ்லா இரண்டாவது கட்சி. ஆட்டிலும் வலை இடத்துக்கு இடம் மாறுகிறது என்று நிரூபிக்க வந்தவள்.

போன வருடம் வந்த வில்லங்கம் இதுதான். முன்னேற்றக் கூட்டத்தில் வெளியிலிருந்து வந்த ஒரு பரிசோதகர் அவள் காட்டிய படங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எந்தத் துண்டு எங்கேயிருந்து வந்தது என்று உங்களுக்கு முதலிலேயே தெரியும். தெரிந்துகொண்டு பார்த்தால் வித்தியாசம் தெரியத்தானே செய்யும்?"

அவமானத்தில் ஜெஸ்லாவுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மனிதரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். அக்குறணை தாண்டியபோதுதான் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அவர் சொன்னது உண்மையாக இருந்தால்? நான் பார்த்ததெல்லாம் நான் பார்க்க ஆசைப்பட்டதாக இருந்தால்? அன்றிலிருந்து அந்தச் சந்தேகம் அவளை விட்டுப் போகவில்லை.

சரி, பெருநாளுக்கு வருவோம். பல்லேபொலப் பக்கத்து ஊர். சாச்சா அப்துல் ஸமத் அங்கே ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். வாப்பாவின் தம்பி. ஊரில் குர்பான் இறைச்சிக்குப் பங்கு வைப்பதென்றால் அவர்தான் வைக்க வேண்டும், இருபத்தேழு வருடமாக அப்படித்தான். மற்ற ஊர்களில் பெருநாள் முடிந்து ஒரு வாரத்துக்கு "அவன் வீட்டுக்குத் தொடை போச்சு, எங்க வீட்டுக்கு எலும்பு வந்துச்சு" என்று முணுமுணுப்பு ஓடும். இந்த ஊரில் அந்தப் பேச்சே கிடையாது.

அவர் வைக்கும் பங்கைப் பார்க்க வேண்டும். ஒன்பது ஆட்டு இறைச்சியையும் பொலித்தீன் விரிப்பில் ஒன்றாகக் கொட்டிக் கலப்பார். ஈரலைத் தனியே சின்னச் சின்னதாக வெட்டுவார், மூளையை அதைவிடச் சின்னதாக வெட்டுவார், எல்லாக் குவியலிலும் ஒவ்வொரு துண்டு விழும். பிறகு குவியல்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பள்ளிவாசல் சுவரைப் பார்த்து நிற்பார். கூட்டாளி பலீல் ஒரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். ஸமத் திரும்பாமலே ஒரு வீட்டின் பெயரைச் சொல்வார். எந்தக் குவியல் யாருக்குப் போகிறது என்று சொல்கிறவருக்கே தெரியாது. அப்புறம் யார் யாரைக் குறை சொல்வது?

மூன்று குடும்பங்களிடம் பேசி மூன்று ஆட்டின் மூளையையும் ஜெஸ்லாவுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். "பிள்ளை படிப்புக்குக் கேக்கிறா" என்றார். அவர் கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

பெருநாள் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலுக்குப் பின்புறக் கொட்டிலில் ஜெஸ்லா மேசை போட்டுவிட்டாள். குளிர் காக்கும் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ், அதில் நான்கு போத்தல். சிவப்பு மூடி பார்க்கிற பகுதிக்கு, நீலம் கேட்கிற பகுதிக்கு, பச்சை தொடுகையை உணர்கிற பகுதிக்கு, மஞ்சள் காலை அசைக்கிற பகுதிக்கு. தங்கச்சி நுஸ்லா பெருநாள் உடுப்பின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு, வெட்டியெடுத்த ஒவ்வொரு துண்டையும் அளவு பார்க்கும் அடிமட்டத்துக்கும் அதற்குரிய நிற மூடிக்கும் பக்கத்தில் வைத்துப் போனில் படம் எடுத்தாள். "சாப்பாட்டை வட்ஸ்அப்ல போடுறவங்களைப் பார்த்திருக்கேன், மூளையைப் போடப் போறது நான்தான்" என்று அலுத்துக்கொண்டாள். ஆனால் ஒரு துண்டைக் கூட விடவில்லை.

எல்லாத் தலையும் ஒழுங்காக உடைபடவில்லை. ஒன்றில் கோடரி கொஞ்சம் தவறி முன்பக்கம் நசுங்கிவிட்டது. ஆகவே சிவப்பு மூடிக்குள் ஐந்து துண்டு, நீலத்தில் மூன்று, பச்சையிலும் மஞ்சளிலும் இரண்டிரண்டு. மொத்தம் பன்னிரண்டு. ஜெஸ்லாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. இனி மேலே சாயக் கரைசலை ஊற்றி இருட்டில் வைக்க வேண்டியதுதான். அந்தக் கரைசல் பொல்லாத நஞ்சு, அதைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்து, சாச்சாவின் மனைவி ஜுனைதா சாச்சி ஐந்தாவது தடவையாகக் கூப்பிட்டபோது எழுந்தாள். நுஸ்லாவும் கூடவே போனாள். இருபது நிமிடம்.

திரும்பி வந்து சிவப்பு மூடியைத் திறந்தாள். மூன்று துண்டு. நீலத்தில் மூன்று. பச்சையில் மூன்று. மஞ்சளில் மூன்று.

கொஞ்ச நேரம் எதுவும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் விளங்கியது.

"சாச்சா!"

அப்துல் ஸமத் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார், முகத்தில் நல்ல காரியம் செய்த திருப்தியோடு. "என்ன மகள்? நான் பார்த்தேன். ஒண்ணுல அஞ்சு போட்டிருக்கிற, ரெண்டு போத்தல்ல ரெண்டு ரெண்டுதான் இருக்கு. யூனிவர்சிட்டில நாலு பேரு வாங்கிறப்ப ரெண்டு கெடைச்சவங்க என்ன நெனப்பாங்க? நம்ம ஊர்ல இருந்து போற சாமான். அதான் எல்லாத்தையும் தட்டுல போட்டுக் கலந்து சரி பண்ணி வச்சேன். கை கழுவி, கிளவுஸ் போட்டுத்தான் தொட்டேன்."

"அது நாலு பேருக்கு இல்ல சாச்சா! நாலு இடம்! மூளையில நாலு இடம்!"

"இடமா?"

"பார்க்கிற இடம், கேக்கிற இடம், தொட்டா விளங்கிற இடம், காலை ஆட்டுற இடம். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு போத்தல். இப்ப எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிற?"

அவர் முகம் மாறியது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "மூளை மூளைதானே மகள்? ஈரலை எங்க வெட்டினாலும் ஈரல்தானே?"

பாருங்கள், தனக்கே தெரியாமல் மனிதர் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் ஜெஸ்லா சிரித்திருப்பாள். அன்று அழுதாள். பெருநாளும் அதுவுமாக, இரத்தம் பட்ட ஏப்ரனோடு, பள்ளிவாசல் கொட்டிலில் நின்று விசும்பி விசும்பி அழுதாள். இறைச்சிப் பையோடு போனவர்கள் நின்று பார்த்தார்கள். இருபத்தேழு வருடத்தில் தான் வைத்த பங்கைப் பார்த்து ஒருவர் அழுவதை அப்துல் ஸமத் அன்றுதான் கண்டார்.

அழுதால் நேரம் நிற்குமா? துண்டுகள் கெட்டுப்போகும். கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்கு போத்தலுக்கும் கரைசலை ஊற்றி மூடினாள். பிறகு கொட்டிலுக்கு வெளியே போய், மேற்பார்வையாளர் டொக்டர் சந்திரகாந்தாவுக்குப் போனில் கோல் எடுத்தாள்.

சந்திரகாந்தா எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறித்து நிறுத்த காசில் படித்து, இன்று பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பகுதியைக் கட்டி ஆள்கிறார். லேசில் பதற்றப்படாத மனுஷி. ஜெஸ்லா அழுகையும் பேச்சுமாகச் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கலந்தாருன்னு சொல்றியே, எப்படிக் கலந்தாரு? தெளிவாக் கேட்டுச் சொல்லு."

ஜெஸ்லா போனை ஸ்பீக்கரில் போட்டாள். அப்துல் ஸமத் பொலிஸில் வாக்குமூலம் கொடுப்பவர் மாதிரி நின்று சொன்னார். "தட்டுல கொட்டிக் கலந்தேன் மிஸ். பொறகு நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிட்டேன். பலீல் ஒவ்வொரு துண்டாத் தொட்டு இது எதுக்குன்னான். நான் செவப்பு, பச்சைன்னு மூடியைச் சொன்னேன். ஒரு மூடிக்கு மூணு ஆனதும் அதை விட்டுட்டேன். யாருக்கு எது போகுதுன்னு நான் பார்க்கல்ல, அல்லா மேல ஆணையா."

அந்தப் பக்கமிருந்து சிரிப்புக் கேட்டது. டொக்டர் சந்திரகாந்தா இப்படிச் சிரிப்பார் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"ஜெஸ்லா, போன வருஷம் அந்தாளு உங்கிட்ட என்ன கேட்டாரு? தெரிஞ்சுகிட்டுப் பார்க்கிறேன்னுதானே? இப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மிஸ்."

"உங்க சாச்சாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உலகத்தில யாருக்குமே தெரியாது. உன் தங்கச்சி போன்ல மட்டும்தான் இருக்கு. நம்ம லெப்ல இவ்வளவு சுத்தமா யாரும் பண்ணிக் குடுத்ததில்ல. இப்ப ரெண்டு வழி இருக்கு, கேளு. ஒண்ணு, நாளைக்கே படத்தையும் துண்டையும் ஒப்பிட்டு எது எங்கேன்னு கண்டுபிடிச்சுப் பழையபடி பேர் ஒட்டிடலாம். பத்திரம். ஆனா அதே கேள்வி திரும்ப வரும். ரெண்டாவது, படத்தை எல்லாம் எனக்கு அனுப்பிட்டு உங்க போன்ல இருந்து அழிச்சுடுங்க. நான் நம்பர் போட்டுத் தர்றேன். கலத்தை மட்டும் பார்த்து, எது எந்த இடம்னு நீ சொல்லு. சரியாச் சொன்னா வாயைத் திறக்க ஒருத்தரும் இல்ல. தப்பாச் சொன்னா..."

தப்பாகச் சொன்னால் என்ன என்று அவர் முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை. வித்தியாசம் இருக்கிறது என்ற ஆய்வேட்டை எழுத வந்தவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்த ஆய்வேட்டைக் கடலை சுற்றக் கொடுக்கலாம்.

பத்திரமான வழி ஜெஸ்லாவின் கண் முன்னே இருந்தது. அதை எடுத்தால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் அக்குறணையில் பஸ்ஸில் ஏறிக்கொண்ட அந்தச் சந்தேகம் வாழ்நாள் முழுக்கக் கூட வரும். பட்டம் கிடைத்த பிறகும், அந்தக் கலங்களில் நிஜமாகவே எதையாவது பார்த்தேனா என்று அவளுக்கே தெரியாது.

"நுஸ்லா, படத்தை மிஸ்ஸுக்கு அனுப்பிட்டு அழி," என்றாள்.

நுஸ்லா ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தாள். "நிச்சயமாவா தாத்தா?" என்றாள். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெஸ்லா தலையை ஆட்டினாள். நுஸ்லா அழித்தாள்.

பிறகு காத்திருப்பு. துண்டுகள் கரைசலில் ஊறப் பதினைந்து நாள். அது விசித்திரமான சாயம், நூறு கலத்தில் ஓரிரண்டை மட்டும் பிடிக்கும். பிடித்த கலத்தை மட்டும் வேரும் கிளையும் முள்ளும் விடாமல் கறுப்பாக எழுதிக் காட்டும். மற்றக் கலங்களுக்குப் பிறகு ஊதாச் சாயம். டொக்டர் சந்திரகாந்தா படங்களோடு துண்டுகளை ஒப்பிட்டு விடைத்தாளை எழுதி அலுமாரியில் பூட்டினார். துண்டின் வெளி வளைவைப் பார்த்து அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் ஒரே அளவில் சீவினார். அதோடும் விடவில்லை.

"அஞ்சு, மூணு, ரெண்டு, ரெண்டுன்னு உனக்குத் தெரியும். அதை வச்சுக் கணக்குப் போட்டுடுவ. அதனால பதினாறு கண்ணாடித் தட்டு தர்றேன். சிலது ரெண்டு தரம் வரும், சிலது வராமலே போகலாம். எதுன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார். ஜெஸ்லாவின் கடைசிக் குறுக்குவழியும் அடைபட்டது. ஒன்றிலிருந்து பதினாறு வரை நம்பர், வேறு ஒன்றும் இல்லை.

முதல் நாள் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபோது எல்லாத் தட்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. சாச்சா சொன்னதுதான் சரி, மூளை மூளைதான் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய் முகம் கழுவினாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள், ஏழாம் நம்பரில், நடு அடுக்குப் பக்கம் சின்னச் சின்னக் கலங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள். கிளைகள் குட்டை. அக்கம்பக்கத்தைத் தவிர வேறு எங்கும் எட்டிப் பார்க்காத கலங்கள். இது கண்ணுக்கு வேலை செய்கிற இடம். உடனே பன்னிரண்டாம் நம்பரை வைத்தாள். அங்கே நடு அடுக்கு இருந்த சுவடே இல்லை. ஐந்தாம் அடுக்கில் பெரிய பெரிய கலங்கள், கிளையெல்லாம் நீளம், கிளை முழுக்க முள். ஒவ்வொரு முள்ளும் இன்னொரு கலத்தோடு ஒரு தொடுப்பு. அது காலை அசைக்கிற இடம், சந்தேகமே இல்லை.

ஒரே ஆடு, ஒரே பட்டை, அதே ஆறு அடுக்கு என்கிறோம். ஆனால் ஒரு இடத்தில் கலங்கள் குடும்பத்துக்குள்ளேயே பேசி முடிக்கின்றன, இன்னொரு இடத்தில் ஊரையே கூட்டிப் பேசுகின்றன. ஜெஸ்லாவுக்குச் சந்தோஷத்தில் யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டிதான் இருந்தது.

ஆனால் கேட்கிற இடத்தையும் தொடுகை இடத்தையும் பிரிப்பது உயிரை வாங்கியது. இரண்டும் மூளையில் பக்கத்துப் பக்கத்து வீடு. அதற்கே ஆறு நாள் போனது. முள் எண்ணி, கிளை அளந்து, எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள். ஒன்பதாம் நாள் பின்னேரம் பதினாறு நம்பருக்கும் பதினாறு விடை எழுதி, கையெழுத்துப் போட்டு டொக்டர் சந்திரகாந்தாவின் மேசையில் வைத்தாள்.

அவர் அலுமாரியைத் திறந்தார். ஜெஸ்லா கதிரையில் உட்காரவில்லை, நின்றாள்.

"ஒண்ணு, பார்வை. சரி. ரெண்டு, அசைவு. சரி. மூணு, பார்வை, சரி." ஒரு தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. ஐந்தாம் நம்பரில் நின்றது. "கேட்கிற இடம்னு எழுதியிருக்க. தொடுகை."

அடுத்து ஆறு சரி, ஏழு சரி, பத்து வரைக்கும் சரி. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று சரி. "பதினாலு. கேட்கிற இடம்னு எழுதியிருக்க. தொடுகை." பதினைந்தும் பதினாறும் சரி.

டொக்டர் சந்திரகாந்தா பேனையை வைத்தார். "பதினாறுல பதினாலு. தப்பான ரெண்டும் எது தெரியுமா? ஒரே துண்டு. ரெண்டு தரம் வச்சேன், ரெண்டு தரமும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்க." நுஸ்லா எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கினார். அந்தத் துண்டு இரண்டு இடத்துக்கும் எல்லையில் வெட்டுப்பட்டிருந்தது. "கத்தி வழுக்கியிருக்கலாம். உன் கண்ணு சரியா, கத்தி சரியான்னு இனிச் சொல்ல முடியாது. ஆய்வேட்டில தப்புன்னே எழுது. பதினாலு போதும்."

"போதுமா மிஸ்?"

"நீ பார்க்காம ஊகத்துக்குப் போட்டிருந்தா நாலு சரியா வந்திருக்கும். போ, வீட்டுக்குப் போய்த் தூங்கு. பொறகு எழுத ஆரம்பி."

ஜெஸ்லா உடனே எழுத உட்காரவில்லை. மறுநாள் காலையில் நேராகப் பல்லேபொலப் பஸ்ஸில் ஏறினாள். பெருநாளிலிருந்து சாச்சா கடையில் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை, திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கிறார், கேட்டால் பிள்ளையின் படிப்புக்கு என்கிறார் என்று ஜுனைதா சாச்சி போனில் சொல்லியிருந்தார்.

அவர் கடைக்குள் பெயின்ட் வாளிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஜெஸ்லா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று நீளமாக இழுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைக்கு முன்னால் போன பலீலை உள்ளே கூப்பிட்டு அவருக்கும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். இரண்டாம் தடவை கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவர் முகம் மறுபடி வாடியது.

"அப்ப, ஒரே ஆட்டு மூளையில ஒரு துண்டு மாதிரி மறு துண்டு இல்லையா மகள்?"

"இல்ல சாச்சா. அதைத்தானே கண்டுபிடிச்சிருக்கோம்."

"நிச்சயமா இல்லையா?"

"நிச்சயமா இல்ல."

அவர் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இருபத்தேழு வருஷம். மூளையை நகத்தளவுக்கு வெட்டி ஊர் முழுக்கக் குடுத்தேன். எல்லாருக்கும் ஒரே சாமான்தான் போகுதுன்னு நெனச்சு. ஒரு வீட்டுக்குப் பார்க்கிறதும் ஒரு வீட்டுக்கு நடக்கிறதும் போயிருக்கே? என்ட பங்கு ஒரு நாளும் சமமா இருந்ததில்லையே?"

ஜெஸ்லாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் விளையாடவில்லை. நிஜமாகவே நொந்துபோயிருந்தார். நல்ல செய்தி கொண்டு வந்தவள் மனிதரின் இருபத்தேழு வருடத்தையும் ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டிருந்தாள். சாப்பிட்டால் எல்லாம் ஒரே ருசிதான் என்று சொல்ல வாயெடுத்தாள். அது அவருக்குப் போதாது என்று தெரிந்தது. இன்னொரு ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"சாச்சா, துண்டெல்லாம் ஒரே மாதிரி இருந்திருந்தா யாரு வேணும்னாலும் பங்கு வைக்கலாம். கண்ணைத் திறந்துகிட்டே வைக்கலாம், எது போனாலும் ஒண்ணுதான். ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லைன்னாத்தான் உங்களை மாதிரி ஒரு ஆளு வேணும். என்ட ஆய்வு தப்பிச்சதே நீங்க பார்க்காம குடுத்ததாலதான். இல்லன்னா நான் சொல்றதை ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டாங்க. நானே நம்பியிருக்க மாட்டேன்."

அவரைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. அது உண்மை, சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. பெருநாளன்று ஊர் பார்க்க அவரைச் சத்தம் போட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது. அதையும் சொன்னாள், மன்னிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அப்துல் ஸமத் அவள் தலையில் கை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

ஜெஸ்லா பையிலிருந்து லெப்டொப்பை எடுத்தாள். "துண்டுகளைக் கலந்து பிரிச்சது யாருன்னு ஆய்வேட்டில எழுதணும் சாச்சா, அது சட்டம். உங்க பேரைப் போடப் போறேன். முழுப் பேரைச் சொல்லுங்க."

"என்ட பேரா? யூனிவர்சிட்டிப் புத்தகத்திலயா?" அவர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு நிமிடம் யோசித்தார். வாசலில் நின்ற பலீலைப் பார்த்தார். "பலீல் பேரையும் போடு மகள். தொட்டுக் காட்டினது அவன்தானே."

"போடுறேன் சாச்சா."

"ரெண்டு பேரும் ஒரே வரியில வரட்டும். எழுத்தும் ஒரே சைஸ்ல இருக்கட்டும்," என்றார் அப்துல் ஸமத். "யார் பேரு முதல்ல வரணும்னு நான் சொல்ல மாட்டேன்."

அவர் ஸ்டூலோடு திரும்பி, பெயின்ட் வாளி அடுக்கியிருந்த சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஜெஸ்லா கண்ணீரும் சிரிப்புமாகத் தட்டெழுத ஆரம்பித்தாள்.